வேரோடு வந்ததும் ஒடிந்து வந்ததும்

என் தங்கைக்கு வீட்டில் சீப்பு என்று பெயர். நான்கு வயதில் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து சீப்பை உருவிக்கொண்டு, வாசலில் நின்று போகிற வருகிறவர்களையெல்லாம் குனியச் சொல்லித் தலை வாரிவிடுவாள். அப்போது ஒட்டிய பெயர். இன்று அவளுக்கு நாற்பத்தொரு வயது. சான்றிதழில் இருக்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

நான் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிறேன். என் மேசை ஜன்னலோரம் இருக்கிறது. நிமிர்ந்தால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் ஒரு பியூட்டி பார்லர். அதன் கண்ணாடிச் சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, தரையோடு ஸ்க்ரூ போட்டு முடுக்கியது. அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றுதான் சீப்பு முடி வெட்டுகிறாள். முதல் இரண்டு வருடம் அங்கே தரையில் விழுந்த முடியைக் கூட்டினாள். அடுத்த மூன்று வருடம் தலை அலசிவிட்டாள். பிறகு கத்திரி. பிறகு முன் நாற்காலி. மொத்தம் பதினேழு வருடம்.

முடி வெட்டுவது கத்திரியின் வேலை என்று நாம் நினைக்கிறோம். அது இடது கையின் வேலை. இடது கையின் இரண்டு விரல்கள் முடியை எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன, எந்தச் சாய்வில் பிடிக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் தங்கையின் அந்த இரண்டு விரல்களுக்காகவே ஆட்கள் மூன்று பேருந்து நிறுத்தம் தாண்டி வருவார்கள். இதை அண்ணன் என்பதால் சொல்லவில்லை. பார்லரின் முன்பதிவு நோட்டில் பார்த்துச் சொல்கிறேன்.

அந்தப் பார்லரில் ஒரு வழக்கம் உண்டு. முன் நாற்காலிக்காரர், அந்த மாதம் எது புதிதாக வந்திருக்கிறதோ அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நேராக்கும் கிரீம் வந்தால் நேரான முடி. செம்பு நிறம் வந்தால் செம்பு நிறம். வெளுத்த கோடுகள் வந்தால் கோடுகள். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள். "நீ என் நடமாடுற போர்டு" என்பார் பார்லர் முதலாளியம்மா. சீப்புக்கு அதில் பெருமைதான். முதுகுவரை முடி இருந்தது, போர்டுக்கு ஏற்ற பலகை. ஒரு மாதம் நிறம் தப்பிப்போய் வந்தபோது என் மனைவி மட்டும் சொன்னாள்:

"என்னடி இது, துருப்பிடிச்ச கம்பி மாதிரி இருக்கு?"

"பத்து நாள் பொறுங்க அண்ணி. அடுத்த பெயின்ட் வருது."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் விரல்கள் காலையில் வீங்க ஆரம்பித்தன. குழாயைத் திருக முடியவில்லை. மதியத்துக்கு மேல்தான் கத்திரி வளைவுக்குள் கட்டைவிரல் நுழைந்தது. மூட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் ரத்தம் பார்த்து, படம் எடுத்து, ஒரு மாத்திரை எழுதினார்.

"வாரத்துக்கு ஒரு நாள் மட்டும்தான். தினம் போட்டுடாதீங்க, அது ஆபத்து. எந்த நாள்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க."

"புதன்கிழமை" என்றேன் நான். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியில் எல்லாப் புதன்கிழமையையும் சிவப்பு மையால் வட்டமிட்டேன். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். சிலருக்கு முடி கொஞ்சம் மெலியும். அப்படி ஆனால் வந்து சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இரண்டு மாதத்தில் விரல் மடங்கியது. சீப்பு என் கடைக்கு வந்து, மேசைமேல் இருந்த மிகச் சிறிய ஸ்க்ரூவை இரண்டு விரலால் எடுத்துக் காட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாவது மாதம் பார்லருக்கு ஒரு புது நேராக்கும் கிரீம் வந்தது. அவள் தலையில் அப்போது வெளுத்த கோடுகள் இருந்தன. வெளுத்த முடியின்மேல் அந்தக் கிரீமைப் போட்டுச் சூட்டு இரும்பால் இழுக்கக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர் யாராவது அப்படிக் கேட்டால் "ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவாள். தன் தலை என்று வந்தபோது ஒரு கேள்வியும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள். உட்கார வேண்டியது அந்த நாற்காலியின் முறை. ஒன்பது வருடமாக உட்கார்ந்து பழகியவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

அடுத்த மாதத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், குளியலறைச் சல்லடையில், சோற்றுத் தட்டில். மற்றவர்கள் என்றால் எண்ணெய் மாற்றிப் பார்ப்பார்கள். இவள் தலைகளோடு வாழ்கிறவள். எவ்வளவு கொட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்ததால் பயமும் அதிகம்.

"மூட்டுக்கு மாத்திரை போட்டா முடி ஏன் கொட்டணும்?" என்றாள் என் மனைவி. "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடற கதையால்ல இருக்கு."

"நிஜமாவே முடிச்சு விழுந்திருச்சு அண்ணி" என்று சீப்பு சிரித்தாள். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினாள்.

ஒரு வியாழக்கிழமை அவள் மாத்திரை அட்டையைத் தற்செயலாகப் பார்த்தேன். முந்தைய நாளுக்கான மாத்திரை அப்படியே இருந்தது. எண்ணினேன். மூன்று புதன்கிழமைகள் தாண்டியிருந்தன. அந்த வாரத்தில்தான் என் மேசையிலிருந்து அவள் கத்திரி கீழே விழுவதை இரண்டு முறை பார்த்திருந்தேன். கூட்டத்தில் யாரோ இடித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

சாயங்காலம் கேட்டேன். "ஏன் நிறுத்தினே?"

"முடி வேணும்ணே."

"விரல்?"

"விரல் வலிச்சா பல்லைக் கடிச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது. தலை எல்லாருக்கும் தெரியுதே. அந்த நாற்காலி தலைக்குத்தான் குடுத்தது."

"கைக்குக் குடுத்ததுன்னு நான் நெனச்சேன்."

டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாள். விரல்கள் மடங்கவில்லை.

அந்த நாற்காலி போனால் அவளுக்கு என்ன போகும் என்று எனக்குத் தெரியும். கணவன் விட்டுப்போன வருடம் அவள் அழுததை நான் பார்த்ததில்லை. அவன் போன மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நின்று யாருக்கோ காதோரம் சீர் செய்துகொண்டிருந்தாள். அவள் நிற்கிற இடம் அது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

யார் மேல் பழி என்று தெரியாமல் எதையும் நிறுத்தக் கூடாது என்று சொன்னேன். டாக்டரிடம் போவதற்கு முன் ஏழு நாள் அவகாசம் இருந்தது. லென்ஸ் வருகிற சின்னக் காகித உறைகள் என்னிடம் நிறைய உண்டு. தினமும் விழுகிற முடி முழுவதையும் ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதச் சொன்னேன். ஏழாம் நாள் வெள்ளைத் தாளை விரித்து, கண்ணில் செருகும் என் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்த வீட்ல ஒருத்தருக்கு முடி போகுது. இன்னொருத்தருக்குப் புத்தி போகுது."

ஆனால் தாளில் இரண்டு வகை தெரிந்தது. ஒரு வகை நீளமானது, ஒரு நுனியில் கடுகில் பாதிகூட இல்லாத வெள்ளைப் புடைப்பு. இன்னொரு வகை குட்டையும் நெட்டையுமாக, புடைப்பே இல்லாமல், நுனி துடைப்பக் குச்சி போலப் பிளந்திருந்தது. சீப்பை அழைத்துப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"வேரோட வந்தது வேற. இது ஒடிஞ்சு வந்தது." பிளந்த நுனியைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லண்ணே. இது கிரீம்."

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து முடி. வேரோடு வந்தது ஆயிரத்து நாற்பது. ஒடிந்து வந்தது ஆயிரத்து இருநூற்று எழுபது. இரண்டு முறை எண்ணினேன்.

மூட்டு டாக்டர் உறைகளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

"வேரோட ஒரு நாளைக்கு நூறு வரைக்கும் எல்லாருக்கும் விழும். உங்களுக்கு நூத்தம்பது கிட்ட விழுது. அதுல மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம், நோய்க்கும் இருக்கலாம். உறுதியா பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இந்த ஒடிஞ்ச முடி இருக்கே, இது என் பக்கத்துது இல்ல. தலைக்கு என்ன போடறீங்க?"

சீப்பு சொன்னாள். ஒன்பது வருடப் பட்டியல்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல டாக்டர்."

"சரி. மாத்திரை சாப்பிடறதைப் பார்லர்ல சொன்னீங்களா?"

"அவங்களும் கேக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரையின் அளவை மாற்றி எழுதினார். தலைக்கு இனி எந்த ரசாயனமும் கூடாது என்றார். வேர் இருக்கிற இடத்தில் திரும்ப முளைக்கும், ஆனால் எப்போது, எவ்வளவு என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அடுத்த புதன்கிழமை சீப்பு என் கண்முன்னால் மாத்திரையை விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்டினாள், சின்ன வயதில் கசப்பு மருந்துக்குக் காட்டுவது போல.

விரல் திரும்பியது. முடி திரும்பவில்லை. உச்சியில் இரண்டு இடத்தில் தோல் தெரிந்தது. முதலாளியம்மா ஒருநாள் அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஒரு விக்.

"இதப் போட்டுக்கோ. இல்லன்னா பின் அறைக்குப் போயிடு, தலை அலசற இடத்துக்கு. முடி இல்லாதவ முன்னாடி நின்னா முடி வெட்ட எவ வருவா சொல்லு?"

நான்கு நாள் விக்கைப் போட்டாள். பார்லரில் நாள் முழுக்க முடி உலர்த்தும் சூடு. உள்ளே வியர்த்து, கிரீமால் ஏற்கெனவே புண்ணான தலை கொப்பளித்தது. அதைவிட மோசம் வேறொன்று. ஒரு வாடிக்கையாளர் அந்த விக்கைத் தொட்டுப் பார்த்து, "எவ்வளவு நேரா இருக்கு. இதே கிரீம்தான் எனக்கும் வேணும்" என்றாராம்.

பார்லருக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமை காலையில் சீப்பு முடி வெட்டும் மெஷினோடு வந்து என் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"எடுத்துடுண்ணே. முழுசா."

"எனக்கு இந்த வேலை தெரியாதே."

"நெத்தியில ஆரம்பிச்சுப் பின்னாடி போ. இதுக்கு என்ன படிப்பு வேணும்?"

ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். காதுக்குப் பின்னால் ஒரு பழைய தழும்பு வெளியே வந்தது. அவளுக்கு ஏழு வயதில் நான் கதவை அறைந்து சாத்தியதால் வந்தது. முப்பத்து நான்கு வருடமாக முடி அதை மூடி என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

"நாளைக்கு இப்படியேவா போகப் போறே? யோசிச்சுக்கோ" என்றாள் என் மனைவி.

"மயிரைக் கட்டி மலைய இழுக்கறது அண்ணி. வந்தா மலை. போனா..." தலையைத் தடவிக்கொண்டாள். "அதான் போயிருச்சே. இனி இழுத்துப் பாக்க வேண்டியதுதான்."

மறுநாள் புதன்கிழமை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முதலாளியம்மாவின் கண்ணாடிக்கு மூக்குப்பட்டை மாற்றியிருந்தேன். அதைக் கொடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

முதலாளியம்மா என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தார். பிறகு கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு மேடம்" என்றாள் சீப்பு.

"விக் எங்க?"

"பெட்டியில. திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

"உனக்கு வெக்கமா இல்லையா?"

"நான் திருடிட்டு வரல மேடம். உங்க கிரீம்தான் பாதி எடுத்துச்சு. என் மாத்திரை மீதிய எடுத்துச்சு. ரெண்டும் நான் வேலை செய்யறதுக்காகப் போட்டது. இதுல நான் எதுக்கு வெக்கப்படணும்?"

"பின்னாடி போ."

"பத்து மணிக்கு டீச்சர் வராங்க. என் பேருல எழுதியிருக்கு. அவங்களை முடிச்சுட்டுப் பேசலாம்."

டீச்சர் வந்தார். பள்ளி ஆண்டு விழாவுக்காக முடியை நேராக்கிக்கொள்ள வந்தவர். சீப்பின் தலையைப் பார்த்து வாசலிலேயே நின்றார். சீப்பு நாற்காலியைத் தட்டினாள்.

"உக்காருங்க டீச்சர். இது ஒட்டிக்காது. மூணு கேள்வி கேக்கறேன், பதில் சொல்லுங்க. தெனம் என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"இதுக்கும் முடிக்கும் என்ன?"

"நான் கேட்ட கேள்விய என்னை யாரும் கேக்கல. அதான் இப்படி நிக்கறேன்."

டீச்சர் தணிந்த குரலில் சொன்னார். ரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, ஐந்து மாதமாக. கடைசியாகத் தலைக்கு என்ன போட்டீர்கள், முடி கொட்டுகிறதா என்று மீதி இரண்டையும் கேட்டாள். மூன்று மாதம் முன் நிறம். ஆமாம், கொட்டுகிறது. சீப்பு பின்பக்கத்திலிருந்து ஒரே ஒரு முடியை எடுத்து ஈரப்படுத்தி, இரண்டு விரலுக்கு நடுவில் மெதுவாக இழுத்தாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு கொடுக்கும். இது படக்கென்று அறுந்தது.

"போட மாட்டேன் டீச்சர். வெட்டிவிடறேன், அடர்த்தியா தெரியற மாதிரி. கொட்டறதை மட்டும் உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. நான் நிறுத்திப் பாத்து அனுபவிச்சவ."

முதலாளியம்மா விரைந்து வந்தார். "நீங்க உக்காருங்க டீச்சர், நானே போட்டுவிடறேன். ஒண்ணும் ஆகாது. இவளுக்கு ஏதோ வியாதி, அதைப் போய்..."

டீச்சர் கண்ணாடியில் இரண்டு பேரையும் பார்த்தார். ஒருவர் தலையில் கொண்டை. இன்னொருவர் தலையில் ஒன்றுமில்லை.

"முடி இருக்கறவங்க ஒண்ணும் ஆகாதுன்றீங்க. முடி போனவங்க வேண்டாம்ன்றாங்க" என்றார். "நான் பரீட்சை பேப்பர் திருத்தறவ. எது பாத்து எழுதினது, எது பட்டு எழுதினதுன்னு தெரியும். நீ வெட்டும்மா."

அன்றைக்கே சாயங்காலம் சீப்பு பின் அறைக்கு அனுப்பப்பட்டாள். முன் நாற்காலிக்கு வேறொரு பெண் வந்தாள், நல்ல நீள முடியோடு. என் மேசையிலிருந்து நிமிர்ந்தால் அந்த முடிதான் தெரிந்தது. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த நாட்களில் நான் அதிகம் நிமிரவில்லை.

விட்டுவிட்டு வேறு கடைக்குப் போ என்று சொன்னேன்.

"போக மாட்டேன். நான் போனா, முடி இல்லாததால போனேன்னு ஆயிடும்."

பின் அறையில் ஈரத் துண்டுகள் தொங்கும். கையகலக் கண்ணாடி ஒன்று. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். முதல் நாள் நான்கு பேர் முன் நாற்காலியைத் தாண்டி, திரையை விலக்கிக்கொண்டு, அவளிடமே வெட்டிக்கொள்ள அங்கே போனார்கள். மறுநாள் ஆறு. டீச்சர் தன்னோடு வேலை செய்யும் இரண்டு பேரை அனுப்பினார். அதில் ஒருவர் தலைத் துணியை அவிழ்க்க எங்கேயும் கூசியவர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி, இப்போதுதான் ஓரங்குலம் முளைத்தவர். முன் நாற்காலியாக இருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று சொன்னாராம். பத்தாவது நாள், துண்டு எடுக்கப் போன முதலாளியம்மாவுக்கு உள்ளே நிற்க இடமில்லை.

"சீப்பை ஒளிச்சு வெச்சா கல்யாணம் நின்னுடுமா?" என்றாள் என் மனைவி. பழமொழி எங்கள் வீட்டுக்கென்றே செய்தது போல இருந்தது.

பதினோராவது நாள் காலையில் முதலாளியம்மா திரையை விலக்கினார்.

"முன்னாடி வா. தலையில ஒரு துணிய மட்டும் கட்டிக்கோ."

"கட்ட மாட்டேன் மேடம்."

"ரொம்பத்தான் பிடிவாதம் உனக்கு."

"இன்னும் ரெண்டு இருக்கு, சேத்துக் கேட்டுடுங்க. உக்காரவங்ககிட்ட மூணு கேள்வி கேட்டுட்டுத்தான் கிரீமைத் தொடுவேன். அப்புறம், விக்கறதுக்காக இனி எந்தத் தலையிலயும் எதையும் போடக் கூடாது. என் தலையிலயும் சரி, அந்தப் பொண்ணு தலையிலயும் சரி."

முதலாளியம்மா நீண்ட நேரம் துண்டுகளை மடித்தார். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார். "துணி வேண்டாம், விடு. கேள்வியும் கேட்டுத் தொலை. ஆனா மூணாவதுக்கு நான் ஒத்துக்கல."

"ஒத்துக்க வேண்டாம் மேடம். நான் போட மாட்டேன், அவ்வளவுதான். அந்தப் பொண்ணுகிட்டயும் இப்பவே சொல்லிடறேன்."

சொல்லியும்விட்டாள். அந்தப் பெண் அடுத்த மாதக் கிரீமை வேண்டாம் என்றுவிட்டாள். முன் நாற்காலியைச் சீப்புக்கு விட்டு, பக்கத்தில் இரண்டாவது நாற்காலியில் தன் சொந்த முடியோடுதான் நிற்கிறாள். மூன்று கேள்விகளையும் ஓர் அட்டையில் நான்தான் எழுதிக் கொடுத்தேன், கோடு போட்டு, எழுத்து சாயாமல். அது முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கிறது. முதலாளியம்மா அதற்கு முன்னால் அடிக்கடி பூச்சாடியை நகர்த்தி வைப்பார். சீப்பு அதை மறுபடி தள்ளி வைப்பாள்.

எட்டு மாதம் ஆகிவிட்டது. பெரும்பாலான இடத்தில் முளைத்திருக்கிறது. உச்சியில் உள்ளங்கை அளவு ஓரிடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. வளர்த்து வாரினால் மறைத்துவிடலாம். அவள் மறைப்பதில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் மெஷினோடு வந்து என் முன்னால் ஸ்டூலைப் போடுகிறாள். இப்போது எனக்குப் பதினைந்து நிமிடம்தான் ஆகிறது.

போன வாரம் மேசையிலிருந்து நிமிர்ந்தேன். பார்லருக்கு வெளியே ஒருவர் நின்று கண்ணாடிச் சுவர் வழியாக அவள் தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சீப்பு கத்திரியை நிறுத்தவில்லை. இடது கை விரல்களில் யாருடைய முடியோ இருந்தது. அதை விடாமல், பக்கத்திலிருந்த கதவைக் காலால் தள்ளித் திறந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவரிடம் கேட்டாள்:

"உள்ள வரீங்களா? என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு மட்டும் யோசிச்சுட்டு வாங்க."